பத்து நாள் மௌனம், ஒன்பது மாதம் கழித்து: சென்னை தம்ம சேது விபாசனா முகாம்

பத்து நாள் பேசாமல் இருந்து செய்யும் விபாசனா தியான முகாம் முடிந்து வந்த வாரமே எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். அப்போது உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது, தெருவில் போகிறவர்களைப் பார்த்தாலும் பாசம் வந்தது. அந்தப் பூரிப்பு மூன்று வாரம்கூடத் தங்கவில்லை. தினமும் தியானத்தில் உட்காராவிட்டால் தங்காது என்று அங்கேயே சொல்லித்தான் அனுப்புகிறார்கள். அதனால் அவசரப்படாமல் காத்திருந்தேன். போன ஜூனில் போனேன். நவம்பர், டிசம்பர் ஷிப்மென்ட் நெருக்கடியெல்லாம் தாண்டி இப்போது மார்ச். கையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் 17 வருடமாக மெர்ச்சண்டைசர் வேலை. பையரின் மெயிலில் தொடங்கி, கன்டெய்னர் தூத்துக்குடி போய்ச் சேரும் வரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள் நான். நூல் வராவிட்டாலும் என் போன் அடிக்கும், சாயப்பட்டறையில் ஷேட் மாறினாலும் என் போன்தான். கப்பலைத் தவறவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும், அந்தச் செலவில் ஆர்டரின் லாபம் மொத்தமும் கரைந்துவிடும். இரவு இரண்டரை மணிக்கு முழிப்பு வரும். லேபிள் வந்ததா, ஜிப் வந்ததா என்று மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும். எழுந்து ஹாலில் நடப்பேன். போன வருடத் தொடக்கத்தில் கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டபோது பிரஷர் 148/96 என்று வந்தது. எனக்கு வயது 42. என் அப்பா பக்கவாதத்தில் போனவர்.

டாக்டர் டெல்மிசார்டன் 40 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். கடைசியில், "மாத்திரை பிரஷரைப் பார்த்துக்கும்மா. இரண்டரை மணிக்கு எழுப்பிவிடுற அந்த மனசை நீங்கதான் பார்த்துக்கணும்" என்றார். முதலில் சுலபமான வழிகளைத் தேடினேன். ஒரு தியான ஆப்புக்குச் சந்தா கட்டினேன், இரண்டு வாரத்தில் விட்டுப்போனது. ஒரு ரிசார்ட்டில் இரண்டு நாள் முகாம், 9,000 ரூபாய். பாதி நேரம் அடுத்த முகாமைப் பற்றித்தான் பேசினார்கள். அப்புறம்தான் கூட வேலை செய்யும் ஒரு பெண் விபாசனா பற்றிச் சொன்னாள்.

போகும் நாள், திரும்பும் நாள் சேர்த்து மொத்தம் 12 நாள் வீட்டை விட்டுப் போக வேண்டும். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அத்தைதான் யோசித்தார். "பையனை உட்டுப்போட்டு அத்தனை தூரம் போயித்தான் கண்ணை மூடி உக்காரோணுமா கண்ணு? நம்மூட்டுலயே உக்காந்தா ஆகாதா?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "போயிட்டு வா சாமி. ராத்திரி நீ நடக்கற சத்தம் எனக்கும் கேக்குது." அன்றைக்கே விண்ணப்பம் போட்டேன்.

விண்ணப்பம் இணையத்தில்தான். உடல்நலம், மனநலம், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் கேட்கிறார்கள். மறைக்காமல் எழுதுங்கள். கட்டணம் கிடையாது. தங்குமிடம், சாப்பாடு எதற்கும் ஒரு ரூபாய் வாங்குவதில்லை. முகாமை முழுதாக முடித்தவர்கள் மட்டும், விருப்பப்பட்டால், கடைசியில் நன்கொடை கொடுக்கலாம். புதிதாக ஒருவர் போய்ப் பணம் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். நமக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்துபோன யாரோ கொடுத்த காசில்தான் சாப்பிடுகிறோம் என்பது அங்கே தட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. ஐந்தாம் நாள் மூட்டையைக் கட்டிவிடலாம் என்று தோன்றியபோதும் அதுதான் என்னைப் பிடித்து வைத்தது.

இடம் திருமுடிவாக்கம், திருநீர்மலையைத் தாண்டி. சேரன் எக்ஸ்பிரஸில் சென்னை சென்ட்ரல் போய், அங்கிருந்து பல்லாவரம் வந்து ஆட்டோ பிடித்தேன். மதியத்துக்கு மேல் பெயர் பதிவு. போனை வாங்கி உறையில் போட்டு வைத்துவிடுகிறார்கள். புத்தகம், பேனா, நோட்டு எதுவும் கூடாது. ஆண்கள் பகுதி தனி, பெண்கள் பகுதி தனி. அன்று இரவு முதல் மௌனம். வாய் மட்டும் மூடினால் போதாது, சைகையும் கூடாது, ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பதுகூட வேண்டாம் என்கிறார்கள். தியானத்தில் சந்தேகம் என்றால் மதியம் ஆசிரியரிடம் கேட்கலாம், தேவைக்கு நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் பேசலாம். இதைக் கேட்டு என் தையல் பிரிவுப் பெண்கள் பயந்துபோனார்கள். உண்மையில் எனக்கு அதுதான் பெரிய ஓய்வு. யாருக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டாத பத்து நாள் என் நினைவு தெரிந்து எனக்கு வாய்த்ததே இல்லை.

காலை 4 மணிக்கு மணி அடிக்கும். நாலரையிலிருந்து ஆறரை வரை முதல் அமர்வு. ஆறரைக்குக் காலை உணவு. 8 முதல் 11 வரை தியானம், 11க்குச் சாப்பாடு. 1 மணியிலிருந்து 5 வரை மறுபடி தியானம். 5 மணிக்குத் தேநீர், பழம், கொஞ்சம் பொரி. 6 முதல் 7 வரை கூட்டு தியானம், பிறகு எட்டேகால் வரை ஒலிப்பதிவில் உரை, 9 வரை இன்னொரு அமர்வு. கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட பத்தேமுக்கால் மணி நேரம். சாப்பாடு சைவம், எளிமை, நன்றாக இருந்தது. இரவுச் சாப்பாடு இல்லையே என்ற பயம் முதல் நாளோடு போய்விட்டது.

முதல் மூன்று நாளுக்கு மேல் ஆனாபானா மட்டும்தான். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது, அதைக் கவனிக்க வேண்டும். மூச்சை இழுக்கக் கூடாது, அடக்கக் கூடாது, எண்ணக் கூடாது, மந்திரம் எதுவும் சேர்க்கக் கூடாது. பிராணாயாமம் பழகியவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள். அப்புறம் கவனத்தைக் குறுக்குகிறார்கள்: மூக்கு, மேலுதட்டுக்கு மேலே உள்ள சின்ன முக்கோணம், அவ்வளவுதான். முதல் நாள் என்னால் சேர்ந்தாற்போல் நாலு மூச்சைக் கவனிக்க முடியவில்லை. மனசு நேராகக் கம்பெனிக்குப் போய் நின்றது. மூன்றாம் நாள் சாயந்தரம், இடது நாசியில் வரும் காற்று குளிர்ச்சியாகவும் போகும் காற்று இளஞ்சூடாகவும் இருப்பது தெரிந்தது. 42 வருடமாக மூச்சு விடுகிறேன், இது தெரியாது.

இதைப் பரப்பிய எஸ். என். கோயங்காவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நம்மைப் போன்றவர்களுக்கு அது முக்கியம். பர்மாவில் மாண்டலேயில் 1924இல் பிறந்தவர், பெரிய வியாபாரி. கடுமையான ஒற்றைத் தலைவலி. மார்பின் ஊசி போடும் அளவுக்கு வலி. அந்த ஊசிக்கே அடிமையாகிவிடுவோமோ என்ற பயத்தில்தான் சயாஜி ஊ பா கின் என்ற தியான ஆசிரியரிடம் போனார். தலைவலிக்காக மட்டும் வருவதானால் வேண்டாம் என்று அவர் முதலில் மறுத்துவிட்டார். மனதைச் சுத்தம் செய்ய வா, தலைவலி போனால் அது கூடுதல் பலன் என்பதுதான் அவர் நிலை. அந்த ஊ பா கின் காவி கட்டிய துறவி இல்லை. சுதந்திர பர்மாவின் கணக்குத் துறைத் தலைவர். கோப்புகளும் கணக்குகளும் நிறைந்த அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தவர். வேலையை விட்டு ஓடிப்போய்ச் செய்கிற காரியம் இல்லை இது என்று எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான். கோயங்கா 1969இல் இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கினார், 2013இல் மறைந்தார். இன்றும் அவர் குரல்தான் பாடம் நடத்துகிறது. உரைகளைத் தமிழ் ஒலிப்பதிவில் கேட்கலாம்.

நாலாம் நாள் பிற்பகல் விபாசனா தொடங்குகிறது. உச்சந்தலையிலிருந்து கால் விரல் வரை கவனத்தை நகர்த்தி, எங்கே என்ன உணர்வு இருக்கிறதோ அதைப் பார்க்க வேண்டும். சூடு, அரிப்பு, துடிப்பு, மரப்பு, வலி, எதுவானாலும் சரி. நல்லதைப் பிடித்து வைக்காமல், கெட்டதைத் தள்ளாமல் பார்ப்பதுதான் பயிற்சி. அதோடு அதிட்டானம் என்று ஒன்று சேர்கிறது. தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் கண்ணைத் திறக்காமல், கை, காலை அசைக்காமல் இருக்க முயல வேண்டும்.

ஐந்தாம் நாள் மதிய அதிட்டானத்தை நான் மறக்கமாட்டேன். 20 நிமிடத்தில் வலது முட்டியில் வலி பிடித்தது. முட்டிக்குள் யாரோ திருப்புளி வைத்துத் திருகுவது போல. காலை மாற்று, மாற்று என்று மனசு கத்தியது. எனக்கு ரொம்பப் பழக்கப்பட்ட கத்தல் அது. சரக்கு தாமதம் என்று மெயில் வந்தவுடன் உள்ளே எழும் அதே குரல். அசையாமல் அந்த இடத்தையே பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது ஒரே வலியாக இல்லை. நடுவில் சூடு, ஓரத்தில் துடிப்பு, கீழே கெண்டைக்காலில் மரத்துப்போன ஒரு பட்டை. துடிப்பு ஏறியது, இறங்கியது, ஒரு கணம் காணாமலே போனது, மறுபடி வந்தது. வலி இருந்தது, ஆனால் அந்தக் கத்தல் நின்றுவிட்டது. இரண்டும் வேறு வேறு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் கோயங்காவின் குரலில் பாடல் எழுந்தபோது கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

முட்டி, முதுகு உண்மையிலேயே கெட்டுப்போனவர்கள் தயங்காமல் நாற்காலி கேளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் பலன் குறையாது.

ஆறாம் நாள் எனக்கு மோசமான நாள். காரணமே இல்லாமல் அழுகை வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம் அப்படியே கண் முன்னால் ஓடியது. அந்த வாரத்தில் நான் ஒரு ஷிப்மென்ட்டுக்காக இரண்டு நாள் கம்பெனியில் இருந்தேன். ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். "வந்ததை வரவிடுங்கம்மா, உடம்பில் எங்கே தெரிகிறதென்று மட்டும் பாருங்கள்" என்றார். அவ்வளவுதான் ஆறுதல். எனக்கு அது போதுமானதாக இருந்தது. எல்லோருக்கும் போதாது. கடுமையான மனச்சோர்வு, மனநோய் ஏதாவது இருந்து சிகிச்சையில் இருப்பவர்கள், அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். பத்து நாள் பேச்சில்லாமல் உள்ளே கிடப்பதையெல்லாம் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை.

எனக்கு ஒட்டாததையும் சொல்லிவிடுகிறேன். மாலை உரைகளில் முற்பிறவி, சங்காரா (மனதில் படிந்த பழைய பதிவுகள்) என்று வரும் இடங்கள் எனக்குப் பிடிபடவில்லை. நம்பினால்தான் பலன் என்று யாரும் வற்புறுத்தவில்லை, அதனால் கேட்டுக்கொண்டேன், அவ்வளவே. மன அழுத்தத்தைக் குறைக்கும் குறிப்புகளை எதிர்பார்த்துப் போனால் முதல் நான்கு நாள் ஏமாற்றமாக இருக்கும். அங்கே யாரும் பிரஷரைப் பற்றியோ தூக்கத்தைப் பற்றியோ பேசுவதில்லை.

பத்தாம் நாள் காலை, எல்லா உயிருக்கும் நல்லது நினைக்கும் மைத்ரி தியானத்துக்குப் பிறகு மௌனம் முடிகிறது. பத்து நாளாகப் பக்கத்து மெத்தையில் உட்கார்ந்திருந்த அக்கா காஞ்சிபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் இருமுவதை வைத்தே அவர் எப்படித் தூங்கினார் என்று எனக்குத் தெரியும், பெயர் தெரியாது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

இனி, ஊருக்கு வந்த கதை. முக்கியமானது இதுதான்.

டிசம்பர் முதல் வாரம், சாயந்தரம் 6 மணி. சாயப்பட்டறை மாஸ்டர் கூப்பிட்டார். "மேடம், நேவி ப்ளூ துணி 1,400 கிலோ இறக்கியாச்சுங்க. ஷேட் கொஞ்சம் சிவப்படிக்குதுங்க." தூத்துக்குடியில் சரக்கு போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் 22ஆம் தேதி. முன்பெல்லாம் அந்த வரி முடிவதற்குள் நான் கத்தியிருப்பேன். அன்றைக்கும் உடம்பு அதற்குத் தயாராகத்தான் இருந்தது. இரண்டு காதும் சூடானது, தொண்டைக்குழியில் நெஞ்சு அடித்தது, பல் இறுகியது. ஆனால் முட்டி வலியைப் பார்த்த மாதிரி அது தனியாகத் தெரிந்தது. காது சூடாகிறது, சரி. மூன்று மூச்சு, மேலுதட்டுக்கு மேலே. பத்து வினாடிகூட ஆகியிருக்காது. அப்புறம்தான் கேட்டேன்: "மாஸ்டர், லைட் பாக்ஸ்ல வெச்சுப் பார்த்தீங்களா, டியூப் லைட்ல பார்த்தீங்களா?" டியூப் லைட்டில்தான் பார்த்திருக்கிறார். பையர் ஒப்புதல் கொடுத்த லேப் டிப்பை (சாயமேற்றிய மாதிரித் துணி) பக்கத்தில் வைத்து, லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கில் பார்க்கச் சொன்னேன். நிற வித்தியாசத்தை அளக்கும் கிரே ஸ்கேலில் மூன்றரைக்கு நின்றது, எங்களுக்கு நாலு வேண்டும். டாப்பிங் கொடுத்து, அதாவது மேலும் கொஞ்சம் சாயம் ஏற்றி, ஒரே நாளில் சரிக்குக் கொண்டுவந்தார்.

கத்தியிருந்தாலும் துணி சரியாகியிருக்கலாம். ஆனால் அந்த மனுஷன் அடுத்த முறை ஷேட் மாறினால் என்னிடம் சொல்லியிருக்கமாட்டார். அப்படியே அனுப்பிவிடுவார், கட்டிங் டேபிளில்தான் எனக்குத் தெரியவரும். என் 17 வருட நெருக்கடிகளில் பாதிக்கு நானே காரணம் என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு நேரம் பிடித்தது. பயந்துபோய்த் தகவலை மறைத்தவர்கள் எத்தனை பேர் என்று இப்போது யோசிக்கிறேன். இந்த ஒன்பது மாதத்தில் மூன்று பேர் தவறு நடந்த அன்றைக்கே வந்து சொல்லியிருக்கிறார்கள்.

தினமும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். என்னால் முடிவது காலை 5 மணிக்கு 35 நிமிடம், மாலையில் வாரத்துக்கு இரண்டு நாள். ஜனவரியில் பத்து நாள் விட்டுப்போனது, பதினோராம் நாள் பையனிடம் கணக்கு மார்க்குக்காக எரிந்து விழுந்தேன். மறுநாளே மறுபடி தொடங்கிவிட்டேன். இரண்டரை மணி முழிப்பு அறவே போகவில்லை. வாரத்தில் ஒருநாள் வருகிறது. எழுந்து நடப்பதில்லை, படுத்தபடியே மூச்சைக் கவனிக்கிறேன், பெரும்பாலும் தூக்கம் வந்துவிடுகிறது. அத்தை இப்போதெல்லாம் விடிகாலையில் பக்கத்தில் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்கிறார். அவருக்கு அது முருகன் பெயர் சொல்லும் நேரம். நான் என் மூச்சோடு இருக்கிறேன்.

பிரஷர்? வீட்டு மிஷினில் காலையில் பார்த்துக் குறித்து வைக்கிறேன். போவதற்கு முன், மாத்திரை சாப்பிட்டும் 136/88 சுற்றி இருந்தது. இப்போது 124/80 சுற்றி இருக்கிறது. மாத்திரை அதேதான், நிறுத்தவில்லை, நிறுத்துவதாகவும் இல்லை. இடையில் உப்பைக் குறைத்திருக்கிறேன், தினமும் நடக்கிறேன், ஊறுகாயை விட்டுவிட்டேன். எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்க இதய சங்கம் 2017இல் வெளியிட்ட அறிக்கையும் கிட்டத்தட்ட இப்படித்தான் சொல்கிறது: தியானம் இதய நோய் அபாயத்தைக் குறைக்க உதவக்கூடும், வழக்கமான சிகிச்சையோடு துணைக்குச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் ஆதாரம் இன்னும் உறுதியாகவில்லை. முகாமுக்குப் போய் வந்து மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். என் அப்பாவும் ஒரு காலத்தில் நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தியவர்தான்.

12 நாள் வீட்டை விட்டு நகர முடியாதவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவர்கள் மனம் தளர வேண்டாம். பத்து நிமிட மினி ஆனாபானா ஒலிப்பதிவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அதில் தொடங்கலாம். ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளுக்காக ஆரம்பித்த எட்டு வாரத் தியான முறையும் உண்டு. வாரம் ஒரு வகுப்பு, மீதி வீட்டுப்பாடம். உடம்பை அங்கம் அங்கமாகக் கவனிக்கும் பயிற்சி அதிலும் இருக்கிறது. 2022இல் அமெரிக்காவில் பதற்ற நோய் உள்ள 276 பேரை வைத்துச் செய்த ஆய்வில், இந்த எட்டு வாரப் பயிற்சி எசிடலோபிராம் மாத்திரைக்குக் குறையாத பலன் கொடுத்தது. அந்த முறையில் நான் படித்ததில்லை, அதனால் அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். இறுக்கமில்லாத சுடிதார் போதும், நாலைந்து செட் எடுத்துக்கொள்ளுங்கள். சென்ட், வாசனைப் பவுடர் வேண்டாம். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கொண்டுபோங்கள். ஒரு மெல்லிய சால்வை, டார்ச் உதவும். ஆபீசில் 12 நாள் லீவு கேட்கும்போது 14 நாளாகக் கேளுங்கள். வந்த மறுநாளே வேலைக்குப் போய் நான் தலைவலியோடு உட்கார்ந்திருந்தேன், பத்து நாள் அமைதிக்குப் பிறகு ஓவர்லாக் மிஷின் சத்தம் காதில் அறைந்தது.

பெண்களுக்கான இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது, முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். இந்த ஜூனுக்கு நானும் போட்டிருக்கிறேன், இப்போதைக்குக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. இந்த முறை பழைய மாணவி என்பதால் மாலையில் பொரி கிடையாது, எலுமிச்சைத் தண்ணீர்தான்.